சாலை விதிகளைத் தேவாலயச் சங்கீதம் போலப் பாடுவதில் அப்படி என்ன சிரிப்பு?

கேள்வி: இங்கிலாந்தில் பாடகர் குழுக்கள் சாலை விதிகள், வானிலை அறிக்கை போன்றவற்றைத் தேவாலயச் சங்கீத பாணியில், அதாவது பைபிளில் உள்ள சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களைப் பாடும் பாணியில், பாடுகின்றன. கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இதில் என்ன நகைச்சுவை? நேரில் கேட்டவர்கள் யாராவது விளக்க முடியுமா?

நேரில் கேட்டதுண்டு, பாடியதும் உண்டு. போதாக்குறைக்குத் தேநீர்க் கொதிகலன் ஒன்றைப் பற்றிய அறிவிப்பை நான்கு குரல்களில் பாடும்படி வெட்டி ஒட்டிக் கொடுத்த குற்றமும் என் கணக்கில் இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். மெட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பிடிபடாது.

ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில், சங்கீதங்களைப் பாடப் பயன்படும் மெட்டுக்குச் சாண்ட் என்று பெயர். நாம் நினைக்கும் பொருளில் அது பாட்டே அல்ல. ஒற்றைச் சாண்ட் என்றால் மொத்தம் பத்தே சுரக்கூட்டுகள் (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதுதான் சுரக்கூட்டு): வசனத்தின் முதல் பாதிக்கு நான்கு, இரண்டாம் பாதிக்கு ஆறு. ஒவ்வொரு பாதியின் முதல் சுரக்கூட்டும் ரப்பர் போன்றது. அதில் இரண்டு அசைகளையும் பாடலாம், இருபத்திரண்டையும் திணிக்கலாம். (யாப்பிலக்கணத்து அசையைச் சொல்லவில்லை. வாயில் ஒருமுறை எழும் ஒலித்துண்டைத்தான் சொல்கிறேன், புலவர்கள் பொறுத்தருள்க.) மீதமுள்ள மூன்றும் ஐந்தும் இழுபடாதவை. வசனம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசியில் அந்த மூன்று படியோ ஐந்து படியோ இறங்கித்தான் தரையைத் தொட வேண்டும்.

சங்கீதங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. சங்கீதங்கள் முதலில் எழுதப்பட்ட எபிரேயக் கவிதையில் ஒவ்வொரு வசனமும் பெரும்பாலும் இரண்டு பாதியாக நடக்கும். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று ஒரு பாதி, 'நான் தாழ்ச்சியடையேன்' என்று மறு பாதி. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு முக்காற்புள்ளி (:) அச்சிட்டிருப்பார்கள். மூச்சு வாங்க வேண்டிய இடம் அது. அந்த முக்காற்புள்ளியை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எந்த அசையில் சுரம் மாற வேண்டும் என்று வரிகளின் மேல் குறியிடுவதைப் பாயிண்டிங் என்பார்கள். பாடகர்களின் சண்டை முக்கால்வாசி இதன் மேல்தான் நடக்கும். 19ஆம் நூற்றாண்டில் பல தேவாலயங்களில் ஓட்டமாக ஓடிவந்து, சுரம் மாறும் முன் ஒரு அசையின் மேல் 'தொம்' என்று குதிப்பார்களாம். பிறகு வந்தவர்கள் அதைப் பழித்து, பேசும்போது சொற்கள் எப்படி நடக்குமோ அப்படியே பாட வேண்டும் என்றார்கள். இன்று நல்ல குழுக்கள் அப்படித்தான் பாடுகின்றன. ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாட்களுக்கு, காலை மாலை என்று பங்கிட்டு வைத்திருக்கிறது. பதினைந்தாம் நாள் மாலையில் 78ஆம் சங்கீதம் வரும். எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்கள். தவளை, பூச்சி என்று எகிப்தின் மேல் வந்த வாதைகள், வனாந்தரம், காடை, வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவு எல்லாம் அதே மெட்டுகளுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஒருமுறை அதைப் பாடி முடித்தவருக்கு, இந்த மெட்டில் எதை வேண்டுமானாலும் பாடலாம் என்ற எண்ணம் வராமல் இருக்காது. தவளைகளையும் பூச்சிகளையும் இவ்வளவு பக்தியோடு பாட முடியும் என்றால் வாகன நிறுத்த விதிகள் மட்டும் என்ன பாவம் செய்தன?

இந்த எண்ணத்தை ஊரறியச் செய்தவர்கள் தி மாஸ்டர் சிங்கர்ஸ் என்ற நால்வர். ஆக்ஸ்போர்டுக்கு அருகே உள்ள அபிங்டன் பள்ளியின் ஆசிரியர்கள். 1966இல் பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டைச் சாண்ட் பாணியில் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின், பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைத் தயாரித்த அதே மனிதர். அந்தத் தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 25ஆவது இடம் வரை ஏறியது. பள்ளிக்கூட வாத்தியார்கள் நான்கு பேர், கிதார் இல்லை, தாளம் இல்லை, காதல் இல்லை. வளைவில் முந்தாதே என்கிற ரகத்து உபதேசம் மட்டும். அதே ஆண்டில் வானிலை அறிக்கையையும் பாடினார்கள்.

கேட்டுப் பார்த்தால் முதலில் தெரிவது, அவர்கள் நகைச்சுவை செய்யவே இல்லை என்பது. குரலில் குறும்பு கிடையாது, சொல்லை நெளிப்பது கிடையாது. ஒரு மாலை ஆராதனையில் எப்படிப் பாடுவார்களோ அப்படியே பாடுகிறார்கள். இந்த வகையின் முழு ரகசியமும் இதுதான் என்பது என் கருத்து. சாண்டுக்குப் பொருள் புரியாது. கோபமான சங்கீதமும் ஆறுதலான சங்கீதமும் அதற்கு ஒன்றே. வரும் சொல்லை வாங்கி, படி இறக்கி, தரையில் வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். பொருள் புரியாத அந்தப் பெரிய மனிதத் தோரணைதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. பாடுகிறவரே கண்ணடித்துவிட்டால் அந்தத் தோரணை போய்விடும், பிறகு வெறும் மிமிக்ரிதான் மிஞ்சும். இணையத்தில் கிடைக்கும் போலிகளில் பாதி இப்படிப் பாழானவை. இன்னொரு பாதி, அந்தப் பழைய 'தொம்'மை வேண்டுமென்றே போட்டுக் கெடுத்தவை.

வேறொரு காரணமும் இருக்கிறது: பிரிட்டனில் பலருக்கு இந்த ஒலி காதில் ஊறியது. பள்ளிச் சிற்றாலயங்களில் கால் மரத்துப்போகக் கேட்டவர்கள் ஒரு தலைமுறை. பிபிசி வானொலி 1926 முதல் மாலை ஆராதனைப் பாடல்களை ஒலிபரப்பி வருகிறது. கோவிலுக்கே போகாதவர்கூட இரண்டு சுரக்கூட்டு கேட்டதும் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவார். நிமிர்ந்த பிறகு காதில் விழுவது 'மிதமான காற்று, பிறகு மழை' என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

வானிலை என்றால் அங்கே மாலுமிகளுக்கான கடல் வானிலை அறிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. வைக்கிங், ஃபோர்ட்டீஸ், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று 31 கடற்பகுதிகளின் பெயர்களை வானொலியில் வரிசையாக வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் காற்று, மழை, பார்வைத் தூரம். மொத்த அறிக்கையும் சில நூறு சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்பதால் வினைச்சொல்லே இருக்காது. கப்பலைக் கண்ணால் பார்க்காதவர்களும் இதை இரவில் தாலாட்டாகக் கேட்கிறார்கள். 2002இல் ஃபினிஸ்டேர் என்ற பகுதியின் பெயரை ஃபிட்ஸ்ராய் என்று மாற்றியபோது, சொந்த ஊரின் பெயரையே மாற்றியதுபோல் சிலர் வருத்தப்பட்டார்கள். (ஃபிட்ஸ்ராய் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர், பின்னாளில் வானிலை முன்னறிவிப்புக்கு வித்திட்டவர். ஒரு கடற்பகுதிக்குத் தாராளமாகப் பெயராகலாம்.) ஏற்கெனவே பாதி மந்திரமாக இருக்கும் அறிக்கையைச் சாண்டில் ஏற்றினால் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கி, அது அழகாகவே ஆகிவிடுகிறது.

இனி கொதிகலன். வேலைக்காக இங்கிலாந்தின் ஒரு சிறு ஊரில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். அங்கே சிறுவயதில் சில சங்கீதங்களை இந்தச் சாண்டுகளிலேயே தமிழில் பாடியிருக்கிறேன். அந்தத் துணிச்சலில் ஊர் ஆலயத்தின் பாடகர் குழுவில் டெனராக, அதாவது ஆண்களின் உச்சக் குரலில் பாடுபவனாக, சேர்ந்தேன். டெனர் கிடைக்காத ஊர் என்பதால் குரல் சோதனைகூட வைக்கவில்லை. ஜனவரி மாதம் குழுவின் ஆண்டு விருந்து நடக்கும். அதில் யாராவது வேடிக்கையாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அந்த முறை அது என் தலையில் விழுந்தது.

முதலில் கவிதை ஒன்றை எடுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. எதுகையும் சந்தமும் உள்ள எதையும் சாண்ட் ஏற்காது. இரண்டு தாளங்கள் ஒன்றையொன்று மிதிக்கும். அடுத்து ஒரு துணுக்குத் தொகுப்பை முயன்றேன், அதுவும் சரிவரவில்லை. ஏற்கெனவே சிரிப்பூட்டும் எழுத்து சாண்டில் செத்துவிடுகிறது. தேவை என்னவென்றால், சிரிப்பே தெரியாத எழுத்து. தன்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டு 'இதன் பொருட்டு', 'நீங்கலாக', 'எக்காரணம் கொண்டும்' என்றெல்லாம் பேசும் எழுத்து.

அப்படி ஒன்று ஆலயக் கூடத்தின் சமையலறைச் சுவரில் பல ஆண்டுகளாக ஒட்டியிருந்தது. கூடத்தைப் பயன்படுத்துவோருக்கான ஒன்பது விதிகள். தேநீர்க் கொதிகலனில் நீர் குறியீட்டுக்குக் கீழே இருக்கும்போது அதை எக்காரணம் கொண்டும் இயக்கக் கூடாது. நாற்காலிகளை எட்டுக்கு மேல் அடுக்கக் கூடாது. நீல விளிம்புக் கோப்பைகள் மாதர் சங்கத்துக்கு உரியவை. எழுதியவர் சபையின் மூத்த அம்மையார் ஒருவர். கூடத்தின் சாவி முப்பது ஆண்டுகளாக அவரிடம்தான் இருந்தது.

இரண்டு இரவு உட்கார்ந்து குறியிட்டேன். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசைக்கு அழுத்தம் உண்டு. அது சரியான சுரத்தில் இறங்காவிட்டால் காது சுளிக்கும். கொதிகலன் விதி அற்புதமாக விழுந்தது: நீண்ட முன்னுரை முழுவதும் ரப்பர் சுரத்தில் ஓடி, 'கொதிகலன்' என்ற சொல் மட்டும் மிகச் சோகமான சுரக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. எட்டு விதிகள் அமைந்தன. ஐந்தாவது மட்டும் மறுத்தது. 'நாய்கள் கூடாது' என்பது அந்த விதி. ஆங்கிலத்தில் அது மொத்தமே இரண்டு அசைகள்! நீளமானதை எவ்வளவு வேண்டுமானாலும் சாண்ட் விழுங்கும், ஆனால் இரண்டு அசைகளைப் பத்துச் சுரக்கூட்டுகளுக்கு எப்படிப் பரப்புவது? ஐந்தாவதை விட்டுவிட்டோம்.

எங்கள் குழுத்தலைவர் இரண்டே நிபந்தனைகள் போட்டார். சங்கீதத்தின் முடிவில் வரும் பிதாவுக்கும் குமாரனுக்குமான துதியை இதில் சேர்க்கக் கூடாது, அது ஜெபம். எனக்கும் அது சரியென்றே பட்டது, ஆனால் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது நிபந்தனை: "பாடும்போது சிரிக்கிறவர் கோப்பைகளைக் கழுவ வேண்டும்." நீல விளிம்புக் கோப்பைகள் உட்பட.

தமிழில் முயன்றதில்லையா என்று கேட்பீர்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அண்ணன் பிள்ளைகளோடு முயன்றேன். அவர்கள் முதலில் கொண்டுவந்தது பஸ்ஸில் எழுதியிருக்கும் 'படியில் பயணம் நொடியில் மரணம்'. உதவாது, அதற்குச் சொந்தத் தாளம் இருக்கிறது. பிறகு அறிவிப்புப் பலகைத் தமிழுக்கு வந்தோம். பொற்குவியல். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்ற முதல் பாதியில் கடைசி மூன்று அசைகள் மூன்று சுரங்களில் மெத்தென்று இறங்கின. இரண்டாம் பாதி எதுவாக இருந்தாலும் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றுதானே முடியும்? ப-டு-கி-றார்-கள் என்று சரியாக ஐந்து அசைகள், ஐந்து சுரங்கள்! நம் அரசு அலுவலகங்கள் பல ஆண்டுகளாகச் சாண்டுக்கென்றே எழுதிவந்திருக்கின்றன. தமிழில் ஆங்கிலம் போன்ற அழுத்தம் கிடையாது. சுரம் நெடிலில் நின்றால் போதும் என்று கண்டுகொண்டோம். 'றார்' அதற்கென்றே நெடிலாக வாய்த்திருக்கிறது. மூன்று வசனங்கள் முடிவதற்குள் மதினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

விருந்துக்குத் திரும்புகிறேன். நாங்கள் பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று வசனம் மாற்றி வசனம் பாடினோம். கொதிகலன் வரும்போது கூடமே குலுங்கியது. பேஸ் என்ற அடிக்குரலில் பாடும் ஒருவர் எட்டு நாற்காலிகளில் தோற்றுப்போய்க் கோப்பைகளுக்குப் போனார். எனக்குப் பயமெல்லாம் முன்வரிசையில் இருந்த அந்த அம்மையாரைப் பற்றித்தான். அவர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு விதிக்கும் தலையசைத்துக் கேட்டார். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"ஐந்தாவதை ஏன் விட்டீர்கள்?"

இரண்டே அசைகள், பத்துச் சுரக்கூட்டுகள் என்று விளக்கினேன். 'ம்' என்றார், கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒத்திகைக்கு முன் தேநீர் போடப் போனபோது சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. மற்ற எட்டு விதிகளும் சொல் மாறாமல் அப்படியே இருந்தன. ஐந்தாவது மட்டும் இப்படி: 'இக்கூடத்தினுள் நாய்களை எக்காரணம் கொண்டும் அழைத்து வரக் கூடாது: பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் மட்டும் இவ்விதிக்கு நீங்கலாகும்.' நடுவிலிருந்த முக்காற்புள்ளியை மட்டும் அச்சுக்குப் பிறகு பேனாவால் இன்னொரு முறை அழுத்திப் போட்டிருந்தார்.