காலை ஜெபக் கூடுகையில் பகிர்ந்துகொள்ள ஏற்ற சுவையான வேதாகமத் தகவல்கள் எவை?

உங்கள் திருச்சபையின் காலை ஜெபத்தில், ஆராதனை தொடங்குமுன் ஐந்து நிமிடம் சுவையான தகவல்களைச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு வந்திருப்பதாகவும், எவற்றைச் சொல்லலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் இதே பொறுப்பை நானும் சில காலம் ஏற்றிருந்தேன். கேட்டவர் மடியிலிருக்கும் வேதாகமத்தைத் திறந்து, "அப்படியா எழுதியிருக்கிறது?" என்று தாமே பார்த்துக்கொள்ளக்கூடிய தகவல்தான் காலை வேளைக்கு ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் நாளுக்கு யோவான் 21-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் சீஷர்களுக்குத் தாமே காலை உணவு ஆயத்தம் செய்து வைத்த காட்சி அங்கேதான் இருக்கிறது. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல் அவர்கள் திரும்புகையில், விடியற்காலத்தில் அவர் கரையில் நிற்கிறார்; கரியும் நெருப்பும், அதன்மேல் மீனும், பக்கத்தில் அப்பமும் இருக்கின்றன. இந்த ஒரே அதிகாரத்திலிருந்து ஒரு வாரத்துக்கு வேண்டிய கேள்விகளை எடுக்கலாம். அன்று மீன் பிடிக்கப் போன சீஷர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பெரும்பாலோர் பதினொருவர் என்பார்கள். இரண்டாம் வசனத்தை எண்ணிப் பார்த்தால் ஏழு பேர்தான். படகு கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்றால், ஏறக்குறைய இருநூறு முழம், அதாவது சுமார் 90 மீட்டர் என்ற விடை எட்டாம் வசனத்தில் கிடைக்கும். பேதுரு அந்தத் தூரத்தைப் படகு கடக்கும்வரை பொறுத்திராமல் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்துவிட்டார் என்பதைச் சொல்லும்போது கூடியிருப்பவர்கள் முகத்தைப் பாருங்கள்.

பிடிபட்ட மீன்கள் 153 என்பது பலருக்குத் தெரியும். ஒன்றிலிருந்து பதினேழு வரையுள்ள எண்களைக் கூட்டினாலும் 153 வரும். அந்த எண்ணிலுள்ள 1, 5, 3 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும், அதாவது 1, 125, 27 ஆகியவற்றைச் சேர்த்தாலும், அதே 153 வரும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் கூடுகையில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் போட்டுக் காட்டுவார்கள். இந்த எண்ணுக்கு மறைபொருள் கற்பிக்கும் விளக்கங்கள் பழங்காலந்தொட்டே உண்டு. காலை நேரத்தில் அவற்றுக்குள் போக வேண்டாம். இத்தனை மீன்கள் இருந்தும் வலை கிழியவில்லை என்று யோவான் எழுதியிருப்பதே போதிய வியப்பு.

அந்தக் கடலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம். திபேரியா கடல், கலிலேயாக் கடல் என்றெல்லாம் அழைக்கப்படும் அது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே இருப்பதால் உலகின் நன்னீர் ஏரிகளில் மிகத் தாழ்வானது. 1986-இல் வறட்சியால் நீர் இறங்கியபோது, கின்னோசார் என்ற ஊரைச் சேர்ந்த மீனவச் சகோதரர் இருவர் கரைச் சேற்றில் ஒரு பழம்படகின் விளிம்பைக் கண்டார்கள். எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள அந்தப் படகு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று ஆய்வில் தெரிந்தது. பத்து, பன்னிரண்டு வகை மரத் துண்டுகளால் அதை ஒட்டுப்போட்டுப் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்பதிலிருந்து, கிடைத்த மரத்தையெல்லாம் சேர்த்து வைத்துப் பிழைத்த எளிய மீனவர்களின் உடைமை அது என்று ஊகிக்கலாம். "இயேசுவின் படகு" என்று அதற்குப் பேர் பரவியிருக்கிறது. அவர் அதில் ஏறினார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லாததால், அவர் காலத்துப் படகு என்று மட்டும் சொல்லுங்கள். அதுவே கேட்பவர்களை ஈர்க்கப் போதுமானது.

அந்த ஏரியில் கிடைக்கும் "பேதுரு மீன்" நம் குளங்களில் பிடிபடும் ஜிலேபி மீனுக்கு உறவுள்ள இனம். முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் பழக்கமுடையது. மத்தேயு 17:27-இல் வாயில் வெள்ளிப்பணத்தோடு அகப்பட்ட மீன் இதுதான் என்று அந்தப் பேரை வைத்துச் சொல்வதுண்டு. ஆனால் பேதுரு அதைத் தூண்டில் போட்டுப் பிடித்தார் என்று வசனம் கூறுகிறது. பேதுரு மீனோ நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பதால் பெரும்பாலும் வலையில்தான் சிக்கும். அது தூண்டிலைக் கவ்வும் வேறொரு மீனாக இருந்திருக்கலாம் என்று அந்த ஏரியின் மீன்பிடித் தொழிலை நன்கறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நேரம் குறைவான நாட்களுக்குச் சிறு தகவல்கள் பல உண்டு. மெத்தூசலா லாமேக்கைப் பெற்றது 187 வயதில், லாமேக்கு நோவாவைப் பெற்றது 182 வயதில், ஜலப்பிரளயம் வந்தது நோவாவின் 600-ஆம் வயதில். மூன்றையும் கூட்டினால் 969, மெத்தூசலாவின் மொத்த ஆயுள். ஆகவே அவர் இறந்தது பிரளயம் வந்த அதே ஆண்டில். நியாயாதிபதிகள் 20:16-இல் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறியும் இடதுகைக்காரர் எழுநூறு பேர் வருகிறார்கள். உங்கள் சபையின் இடதுகைப் பிள்ளைகளுக்கு இது பெருமகிழ்ச்சி தரும். அப்போஸ்தலர் 20-இல் பவுலின் நீண்ட பிரசங்கத்தில் தூங்கி மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து, மறுபடியும் உயிர்பெற்ற ஐத்திகுவைப் பற்றிச் சொல்லும்போது, பவுல் அதன் பிறகும் விடியும்வரை பேசினார் என்பதை விட்டுவிடாதீர்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. வேதாகமத்தின் சரியான நடு வசனம் சங்கீதம் 118:8 என்று ஒரு செய்தி கைபேசிகளில் ஆண்டுக்கணக்காகச் சுற்றி வருகிறது. ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பில் வசனங்கள் 31,102. இரட்டைப்படை எண்ணுக்கு ஒரே ஒரு நடு வசனம் இருக்க முடியாது. நடுவில் வரும் இரண்டு வசனங்கள் சங்கீதம் 103-இன் முதலிரண்டு வசனங்கள். அதிகாரங்களுக்கோ நடு உண்டு: மொத்தம் 1,189 அதிகாரங்களில் 595-ஆவது சங்கீதம் 117, அதுவே இரண்டே வசனங்களோடு வேதாகமத்தின் மிகச் சிறிய அதிகாரமும் ஆகும். உண்மையே இவ்வளவு அழகாக இருக்கையில் தவறான செய்தியை ஏன் பரப்ப வேண்டும்? இந்த அதிகாரப் பிரிவு மூலநூலில் இருந்ததன்று. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தது. பிறகு இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயராகி, அந்நாட்டு அரசரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட 1215-இன் மகா சாசன (மாக்னா கார்ட்டா) நிகழ்வுகளிலும் பங்கேற்றவர் அவர். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களைப் பாரிஸ் அச்சுக்காரர் ராபர்ட் எஸ்தியேன் 1551-இல் சேர்த்தார். பயணத்தின்போது அந்த வேலையைச் செய்தார் என்று அவருடைய மகன் எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் தரங்கம்பாடியைச் சேர்ந்தது. ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்ததால், காகிதம் போதாமல் போயிற்று. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். லண்டனிலிருந்து நண்பர்கள் அனுப்பிய பாலாடைக்கட்டிகள் ஈயத் தகட்டு உறைக்குள் வந்திருந்தன. அந்த ஈயத்தை உருக்கியே தரங்கம்பாடியில் சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்தார்கள். சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், எஞ்சிய நிருபங்களும் வெளிப்படுத்தின விசேஷமும் 1715-இலும் அச்சேறின. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு அதுவே. சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706 ஜூலை 9. அந்தத் தேதியில் உங்கள் முறை வருமானால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து இதை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள்.