விண்டோஸ் மறுபடி போடும்போது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கணினி நின்றுவிடுகிறது. எதில் கோளாறு?

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப் அடிக்கடி ஹேங் ஆனதால் ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி போட்டேன். முதல் முறை 18 சதவீதத்தில் பிழைச் செய்தி, அடுத்து 60-ல் நீலத்திரை, அதற்கடுத்து தானாகவே ரீஸ்டார்ட். அதே கணினியில் வேறு பெண்டிரைவ் தயார் செய்து போட்டுப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான துப்பு அதுதான். பெண்டிரைவில் ஒரு ஃபைல் கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சதவீதத்தில்தான் நிற்கும். இடம் மாறினால் ரேம், பிராசசர், சூடு, எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இந்த நான்கில் ஒன்றைப் பார்க்க வேண்டும். அதிலும் முதலில் ரேம். இன்ஸ்டாலரை மறுபடி மறுபடி ஓட்டுவதை இப்போதே நிறுத்திவிடுங்கள், அதனால் எதுவும் சரியாகப் போவதில்லை.

ஹேங் ஆனாலும் ஓடிக்கொண்டிருந்த கணினி, விண்டோஸ் போடும்போது மட்டும் ஏன் அடியோடு படுத்துவிடுகிறது? பெண்டிரைவில் விண்டோஸ் முழுவதும் சுருக்கப்பட்ட ஒரே பெரிய ஃபைலாக இருக்கிறது. இன்ஸ்டாலர் அதைத் துண்டு துண்டாக ரேமுக்குக் கொண்டுவந்து, விரித்து, சரிபார்த்து, டிஸ்க்கில் எழுதுகிறது. ஒரு போட்டோவில் ஒரு பிட் மாறிப்போனால் கண்ணுக்கே தெரியாது. சுருக்கப்பட்ட ஃபைலில் ஒரு பிட் மாறினால் அந்தத் துண்டு முழுவதும் விரியாது, வேலை அங்கேயே நின்றுவிடும். 0எக்ஸ்80070570, 0எக்ஸ்8007025டி என்ற பிழை எண்கள் வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். 'ஃபைல் கெட்டிருக்கிறது' என்று திரையில் வந்தாலும், பெண்டிரைவில் நன்றாக இருந்த ஃபைல் ரேமுக்கு வந்தபின் கெட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதே காரணத்தால் அந்தக் கணினியில் தயாரித்த பெண்டிரைவை நம்பவே கூடாது. டவுன்லோடு ஆன விண்டோஸும் அதே ரேம் வழியாகத்தான் பெண்டிரைவுக்குப் போயிருக்கும். பெண்டிரைவை எத்தனை முறை மாற்றினாலும் தயாரித்த இடம் அதுவே என்றால் பிரச்சினை கூடவே வரும். நன்றாக ஓடும் வேறொரு கணினியில், குறைந்தது 8 ஜி.பி. பெண்டிரைவில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்துப் புதிதாகத் தயாரியுங்கள். கேபினட்டின் முன்பக்க போர்ட்டைத் தவிர்த்து, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள்.

பழைய டிஸ்க்கில் முக்கியமான ஃபைல்கள் இன்னும் மிச்சம் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிக் காப்பி எடுங்கள். ரேம் சந்தேகத்தில் இருக்கும் கணினியில் காப்பி எடுத்தால் காப்பியும் கெட்டுப்போகலாம், அதைத் திறந்து பார்க்கும்வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இனி ரேம் சோதனை. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். எல்லா ரேமையும் கழற்றி ஒன்றை மட்டும் மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டு என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட், ஏ2 என்று எழுதியிருக்கும். இரண்டு பக்கப் பூட்டும் 'டக்' என்று விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கி நிற்கும் ரேம் பூட் ஆகும், ஆனால் வேலை கூடும்போது தவறும்.

அடுத்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் டீஃபால்ட் செட்டிங்குகளை ஏற்றுங்கள். எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ (ரேமை அடிப்படை வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டும் செட்டிங், அதாவது ஓவர்கிளாக்) ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். ரேம் பெட்டியில் 3600 என்று போட்டிருப்பது பெரும்பாலும் இந்த ஓவர்கிளாக் வேகத்தைத்தான். அதை ஆஃப் செய்தால் டி.டி.ஆர்.4 ரேம் 2133, 2400 போன்ற அடிப்படை வேகத்தில் ஓடும். வேகம் குறைந்ததும் விண்டோஸ் ஒழுங்காக ஏறிவிட்டால், ரேம் கெட்டிருக்கிறது என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். அந்த வேகத்தை அந்த ஜோடி தாங்கவில்லை என்பது மட்டுமே தெரிந்திருக்கிறது.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச ரேம் சோதனைக் கருவியை இன்னொரு பெண்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். பூட் ஆக மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகாரம் இல்லாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுக்கும் செட்டிங்) தற்காலிகமாக அணைக்கலாம். குறைந்தது 4 சுற்று ஓடட்டும், இரவு முழுக்க விட்டுவிட்டால் இன்னும் நல்லது. சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் பிழை காட்டினால் நம்பலாம். பிழையில்லை என்று சொன்னால் அதை மட்டும் வைத்து நிம்மதியடைய வேண்டாம்.

ஒவ்வொரு ரேமையும் தனியாக, வேறு ஸ்லாட்டிலும் மாட்டி இதே சோதனையைச் செய்யுங்கள். ஒரே ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் பிழை காட்டினால் அந்த ரேமை மாற்ற வேண்டும். எல்லா ரேமும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை காட்டினால் ஸ்லாட்டையோ பிராசசர் சாக்கெட்டையோ சந்தேகிக்கலாம். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலும் இப்படி ஆகும். தனித்தனியாகத் தேறும் ரேம்கள் சேர்ந்தால் தவறுகின்றன என்றால் அவை வேறு வேறு சமயத்தில் வாங்கிய ஜோடியா என்று பாருங்கள்.

ரேம் தேறிவிட்டது, ஆனாலும் நிற்கிறது என்றால் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். நீலத்திரை கூட வராமல் சட்டென்று அணைந்தால் சூடு அல்லது எஸ்.எம்.பி.எஸ். பயாஸில் வெப்பநிலை காட்டும் பக்கத்தைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். வேறு வேலையே இல்லாமல் 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், கூலரின் நான்கு ஊசிகளில் ஒன்று விடுபட்டிருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் பயாஸ் காட்டும் எண் தோராயமானது, வேறு ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

நீலத்திரையில் 'வியா அன்கரெக்டபிள் எர்ரர்' (WHEA_UNCORRECTABLE_ERROR, வன்பொருள் கோளாறைக் குறிக்கும் செய்தி) என்று வந்தால் பார்வையைப் பிராசசர் பக்கம் திருப்புங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் பல நிலைகுலைவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாக மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு கூட்டியது. சுருக்கிய ஃபைலை விரிக்கும்போது பிழை வருவது அந்தக் கோளாறின் அறிகுறிகளில் ஒன்று. திருத்தம் இனி சேதம் ஆகாமல் தடுக்கும், ஏற்கெனவே பழுதான பிராசசரைச் சரிசெய்யாது. அதற்கு வாரண்டியில் மாற்றுவதே வழி.

டிஸ்க் பக்கம் கோளாறு என்றால் பெரும்பாலும் திரை உறைந்து நிற்கும், அல்லது சதவீதம் நகராமல் நீண்ட நேரம் கிடக்கும். ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் பட்டியல்) 05, சி5 என்ற வரிகள் இரண்டும் (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய பகுதிகளின் எண்ணிக்கை) பூஜ்யமாக இருப்பது நல்லது. சி7 (கேபிளில் தரவு போகும்போது வரும் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைத் தூக்கி எறியும் முன் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய பார்ட்டிஷன்கள் குழப்புகின்றன என்றால் இன்ஸ்டாலரில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தி, டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் (எண்), கிளீன் என்று வரிசையாகக் கொடுக்கலாம். அதற்கு முன் மற்ற எல்லா டிஸ்க்குகளின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கிளீன் கட்டளை அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிடும், 'நிச்சயமா' என்று கேட்காது.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு 'சாதனங்களைத் தயார் செய்கிறது' என்ற இடத்தில் நின்றால் டிரைவர் விவகாரம். கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை கார்டு, கீபோர்டு மவுஸ் தவிர்த்த யூ.எஸ்.பி. எல்லாவற்றையும் கழற்றி, மானிட்டரை மதர்போர்டிலேயே இணைத்துப் போடுங்கள் (பிராசசரில் கிராஃபிக்ஸ் இருந்தால்). முதல் ரீஸ்டார்ட்டில் இன்ஸ்டாலர் மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தால் அது கிராஷே இல்லை, பெண்டிரைவிலிருந்து மீண்டும் பூட் ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் பெண்டிரைவை எடுத்துவிட்டால் போதும்.

பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் ரேம் தேறிய பிறகுதான் செய்ய வேண்டும். தடுமாறும் ரேமோடு அப்டேட் ஓட்டினால் தவறான தரவு பயாஸ் சிப்பில் ஏறி மதர்போர்டே எழும்பாமல் போகலாம்.

விண்டோஸ் ஒழுங்காக ஏறிய பிறகு, கழற்றியவற்றை ஒவ்வொன்றாக, ஒரு நாள் இடைவெளி விட்டு மாட்டுங்கள். எக்ஸ்.எம்.பி.யைக் கடைசியாக ஆன் செய்யுங்கள். அதே வேகத்தில் இன்னொரு இரவு மெம்டெஸ்ட் ஓடி ஒரு பிழையும் வராவிட்டால் அப்படியே விடலாம், வந்தால் ஒரு படி குறைத்து வையுங்கள்.