பக்கவாதத்துக்குப் பிறகு எக்கோ: இதய மருத்துவரிடம் கேளுங்கள்

அப்பாவுக்கு 68 வயது. போன வாரம் பக்கவாதம். எக்கோவில் இ.எஃப். 35 என்று இருக்கிறது. கை திரும்ப வந்துவிடுமா டாக்டர்?

கை வருமா என்பதை எக்கோ என்ற இதய ஸ்கேன் சொல்லாதும்மா. மூளையில் எந்த இடம், எவ்வளவு அடிபட்டது என்பதுதான் அதைச் சொல்லும். முதல் மூன்று நாளுக்குள் தோளைப் பக்கவாட்டில் தூக்கவும் விரலை நீட்டவும் கொஞ்சமாவது முடிந்ததா? முடிந்திருந்தால் நல்ல அறிகுறி.

இ.எஃப். 35 சொல்வது வேறு. இதயத்தின் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் 35 சதவீதத்தைத்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளுகிறது. 55-க்கு மேல் இருக்க வேண்டும். இப்படி இருப்பவர்களுக்கு வரும் மாதங்களில் மூச்சுத்திணறலும் உயிராபத்தும் கூடுதல். முன்பு மாரடைப்பு வந்திருந்தால் இதய நுனியில் ரத்தக்கட்டி தங்கியிருக்கலாம். ரிப்போர்ட்டில் 'நோ எல்வி க்ளாட்' (இடது கீழறையில் ரத்தக்கட்டி இல்லை) என்று இருந்தாலும், நுனி தெளிவாகத் தெரிந்ததா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி மறுபடி பார்க்கலாம்.

இன்னொன்று: பக்கவாதமே இதயத்தைத் தாக்கும். டாகோட்சுபோ என்ற நிலையில் நுனி உப்பிப்போய், பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். பழைய எக்கோ இருந்தால் ஒப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

எக்கோ நார்மல். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் விட்டுவிட்டு வந்தால் எக்கோ பிடிக்காது; அதற்குத் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி வேண்டும். இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சின்னப் பையில்தான் ரத்தக்கட்டி அதிகம் ஒளிந்திருக்கும். நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் அது சரியாகத் தெரியாது, உணவுக்குழாய் வழியாகப் பார்க்க வேண்டும்.

இ.எஃப். 60. நார்மலா சார்?

நார்மல்.

தம்பிக்கு 34 வயது. பக்கவாதத்துக்குக் காரணம் தெரியவில்லை. பபிள் டெஸ்டில் பி.எஃப்.ஓ. ஓட்டை. அடைத்துவிடலாமா?

பி.எஃப்.ஓ. என்பது இரண்டு மேலறைகளுக்கும் நடுவே பிறவியிலிருந்தே மூடாமல் இருக்கும் சின்ன வழி; நரம்பில் குமிழி கலந்த திரவம் செலுத்தி எக்கோவில் பார்ப்பதுதான் பபிள் டெஸ்ட். நாலு பேரில் ஒருவருக்கு இந்த ஓட்டை உண்டு, எனவே ஓட்டை இருப்பதாலேயே குற்றவாளி ஆகாது. வேறு காரணம் இல்லை என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்தால், 60 வயதுக்குள் அடைப்பதால் பலன் உண்டு என்று 2017-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இ.எஃப். 58, பயப்பட வேண்டுமா?

மேலே பார்க்கவும். இ.எஃப். எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள், முழு ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம்.

நான் பொது மருத்துவர். காரணம் தெரியாத பக்கவாதத்தில் இடது மேலறை பெருத்திருந்தால், ஃபிப்ரிலேஷனைத் தேடிக் காத்திருக்காமல், ரத்தம் உறையாமல் தடுக்கும் அப்பிக்ஸபான் தொடங்குவதே சரி என்பேன்.

ஒத்துக்கொள்ள மாட்டேன் டாக்டர். பெருத்த மேலறை மறுபடி பக்கவாதம் வரக்கூடும் என்று எச்சரிக்கிறது, உண்மைதான். எச்சரிப்பதாலேயே இந்த மருந்து அதைத் தடுக்கும் என்று ஆகாது. 2024-இல் வந்த ஆர்க்கேடியா ஆய்வில் 1,015 பேர். அப்பிக்ஸபான், ஆஸ்பிரின் இரண்டிலும் மறு பக்கவாதம் ஆண்டுக்கு 4.4 சதவீதம்தான்.

அதில் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, மேலறை அளவு மூன்றில் ஏதாவது ஒன்றில் கோளாறு தெரிந்தாலே சேர்த்தார்கள். மேலறை நிஜமாகவே பெருத்தவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி. ஆனால் அது இன்னொரு ஆய்வு நடத்தக் காரணம், மாத்திரை எழுதக் காரணம் அல்ல. அவர்களை நீண்ட நாள் கண்காணியுங்கள். காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்த கிரிஸ்டல் ஏ.எஃப். ஆய்வில் தோலுக்கடியில் மானிட்டர் வைத்தபோது ஓராண்டில் 12.4 சதவீதம் பேரிடம் ஃபிப்ரிலேஷன் சிக்கியது. வழக்கமான முறையில் 2 சதவீதம்தான்.

ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கும் ருமாட்டிக் மைட்ரல் ஸ்டெனோசிஸில்?

அங்கே கதையே வேறு. வால்வு சுருங்கி ஃபிப்ரிலேஷனும் இருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின்தான். 2022-இல் இன்விக்டஸ் ஆய்வில் அப்பிக்ஸபான் வகை மருந்தான ரிவராக்சபான் அதனிடம் தோற்றது. நம் ஊரில் இளவயதுப் பக்கவாதம் என்றால் முதலில் அந்த வால்வைப் பாருங்கள்.

நேற்று அம்மாவுக்கு வாய் கோணி, பேச்சு குழறி, அரை மணியில் சரியாகிவிட்டது. எக்கோவுக்கு அடுத்த வாரம் தேதி கிடைத்திருக்கிறது.

அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே பக்கவாதப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து இந்த முதல் சில நாள்களில்தான் அதிகம். மறுபடி வாய் கோணினால் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான். எக்கோவை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள்.