ஏற்காட்டில் எந்த மாதம் எந்தப் பூ?

கேள்வி: மாதம் இருமுறை ஏற்காட்டுக்குச் சென்று சேர்வராயன் கோயில் பக்கம் நடக்கிறோம். எந்த மாதத்தில் எந்தப் பூ பூக்கும் என்று ஓர் அட்டவணை தர இயலுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: தரலாம், ஆனால் அதை நம்பி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள், நான் உட்பட. மலையில் பூவை அவிழ்ப்பது மாதமன்று, மழையே. காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். வறட்சியில் உறங்கிக் கிடக்கும் அதன் மொட்டுகள், கோடையில் நல்ல மழையொன்று பெய்தபின் எட்டு அல்லது பத்து நாட்களில் ஒரே சமயத்தில் விரிந்து, மல்லிகையை நினைவூட்டும் மணத்தோடு சரிவு முழுவதையும் வெண்மையாக்கிவிட்டு, இரண்டு மூன்று நாட்களில் பழுப்பேறி வாடிவிடும். ஆகவே பங்குனி, சித்திரையில் மலைமேல் மழை என்று கேள்விப்பட்டால், அன்றிலிருந்து நாளை எண்ணத் தொடங்குங்கள்.

செங்காந்தளை, ஆடி கழிந்து மழை பிடித்த பிறகு புதர் ஓரங்களில் தேடுங்கள். பூ இல்லாத நாளிலும் அதை இலையைக் கொண்டே அறியலாம்: இலையின் நுனி சுருண்டு, பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டிருக்கும். இளம் பூவில் பச்சையாக இருக்கும் இதழ்கள் மஞ்சளாகி, பின் முழுச் சிவப்பாகும் என்பதால், ஒரே கொடியில் மூன்று நிறங்களையும் பார்க்க முடியும். நம் மாநில மலர்தானே என்று கிழங்கைத் தோண்டி வந்து தொட்டியில் நட வேண்டாம். அது கொடிய நஞ்சு.

கேள்வி: மார்கழியில் காப்பித் தோட்டத்தின் ஓரம், பொழுது சாயும் நேரத்தில் இரட்டைச் சீழ்க்கை ஒலி கேட்டது. பறவையைக் காணவில்லை. அது எது?
– வாசகி, ஆத்தூர்

பதில்: நேரமும் ஒலியும் ஆறுமணிக் குருவியையே சுட்டுகின்றன. காலை, மாலை ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் வந்த பெயர் அது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் இப்பறவையை நீங்கள் மரக்கிளைகளில் தேடியிருப்பீர்கள். அதுவோ நிழலடர்ந்த தரையில் சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருக்கும். அடுத்த முறை கூவல் கேட்ட இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் அமர்ந்து, சருகு சலசலக்கும் இடத்தைக் கவனியுங்கள். பச்சை முதுகும் வாலடியில் குங்குமச் சிவப்பும் தெரிந்தால் அதுதான்.

கேள்வி: பாதையில் காட்டெருமை நின்றால் என்ன செய்வது?
– வாசகர், ஓமலூர்

பதில்: பெயரில் எருமை இருந்தாலும் அது மாட்டினம், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்ததுபோல் இருக்கும். நின்றுவிடுங்கள். படம் எடுக்க நெருங்காமல், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல், ஓசையின்றிப் பின்வாங்குங்கள். அது மேய்ந்து நகர அரை மணி நேரம் ஆகலாம். தனியாக நிற்கும் கடாவாக இருந்தால் காத்திராமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.