நாங்கள் எந்தக் குழுவிலும் இல்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 36 வயது. கணவர் வடநாட்டு லைன் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான். எச்.ஐ.வி. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களைக் குழு குழுவாகப் பிரித்துப் பேப்பரில் போட்டிருந்தார்கள்: பாலியல் தொழில், போதை ஊசி, ஆண்-ஆண் உறவு என்று. நாங்கள் அதில் எதிலும் இல்லை. ஆனால் நோய் மறுபடி கூடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. 9 வருடம் முன்பு, இரண்டாவது பிரசவத்தின்போது எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். மறுபடி எடுக்க வேண்டுமா? எடுத்தால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: எடுத்துவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், மளிகைக் கடைக்காரரின் மனைவி. ஆறு மாதத்தில் பதினோரு கிலோ இறங்கியிருந்தார். நாக்கில் தயிர் அப்பியதுபோல் வெள்ளைப் படலம். தைராய்டு, சர்க்கரை, எண்டோஸ்கோபி, டி.பி. என்று ஃபைல் கனமாக இருந்தது, எச்.ஐ.வி. டெஸ்ட் மட்டும் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "இவர் அந்த மாதிரி இல்லை" என்று தாங்களே தீர்மானித்துவிட்டார்கள். நான் மட்டும் என்ன, இரண்டாவது விசிட்டில்தான் எழுதிக் கொடுத்தேன். பாசிட்டிவ்.

அந்த வருடக் கணக்கில் அவர் "புதிதாகக் கண்டறியப்பட்டவர்". ஆனால் கிருமி உடம்பில் ஏறி எட்டு, பத்து வருடம் ஆகியிருக்கலாம். அத்தனை காலம் எச்.ஐ.வி. சத்தமில்லாமல் இருக்கும். அதனால் இந்த வருடம் கண்டறியப்பட்டவர்கள் வேறு, இந்த வருடம் தொற்றியவர்கள் வேறு. ஒரு மாவட்டத்தில் முகாம் போட்டு நிறைய பேருக்கு டெஸ்ட் எடுத்தாலே முதல் எண்ணிக்கை ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் அந்த ஏற்றம்தான்.

புதுத் தொற்று எத்தனை என்பதை நாகோ, அதாவது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, தனியாக மதிப்பிடுகிறது. 2023-இல் நாடு முழுக்க சுமார் 68,000. 2010-ஐவிட இது 44 சதவீதம் குறைவு. 80 சதவீதம் குறைப்பது இலக்கு என்பதால், பாதி தூரத்தைத்தான் தாண்டியிருக்கிறோம். எல்லா இடத்திலும் இறங்கவும் இல்லை. பஞ்சாப், திரிபுரா போன்ற மாநிலங்களில் 2010-ஐவிட ஏறித்தான் இருக்கிறது. போதை ஊசி அங்கே பெரிய காரணம். இன்னொரு பக்கம், எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் 25 லட்சத்துக்கு மேல். 2004-இல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தது. முன்பென்றால் இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்த எண் பெரிதாக இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

இப்போது உங்கள் "குழு" விஷயம். 2021 கண்காணிப்புக் கணக்கெடுப்பின்படி, ஆயிரம் கர்ப்பிணிகளில் சுமார் 2 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பாலியல் தொழிலில் உள்ள பெண்களில் ஆயிரத்துக்கு 19 பேர், ஆண்-ஆண் உறவில் உள்ளவர்களில் 33, திருநங்கையரில் 38, போதை ஊசி போடுகிறவர்களில் 90. விகிதம் அங்கே அதிகம்தான். தடுப்புப் பணியை முதலில் அங்கே கொண்டுபோவதும் சரிதான். ஆனால் அந்தக் குழுக்கள் சிறியவை. தலையை எண்ணிப் பார்த்தால், தொற்றோடு வாழ்கிறவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் மிகப் பலருக்கு வாழ்க்கையில் கணவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

அந்தப் பட்டியலை நான் அப்படியே நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. "எந்த வழியில் தொற்றியது" என்ற கட்டம், வந்தவர் வாயால் சொல்வதை வைத்துத்தான் நிரப்பப்படுகிறது. என் எதிரில் உட்கார்ந்து "சலூனில் ஷேவிங் பண்ணினேன் சார்" என்றவர்கள் எத்தனையோ பேர். ஆண்களோடு உறவு உள்ள கல்யாணமான ஆள் ஒருவர், ஆலோசகரிடம் அதைச் சொல்ல மூன்று தடவை வர வேண்டியிருந்தது. அதுவரை ரிஜிஸ்டரில் அவர் வேறு கட்டத்தில் இருந்தார்.

தொலைதூர லாரி ஓட்டுநர்களை நாகோ தனியாகக் கவனிக்கிறது. வீட்டை விட்டு நாள் கணக்கில் விலகி இருக்கிற வேலை என்பதுதான் காரணம். உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்பதை அது சொல்லாது. டெஸ்ட்தான் சொல்லும். உங்கள் பழைய நெகட்டிவ் அன்றைய தேதி வரைக்கும்தான் செல்லும். தொற்றிய உடனே டெஸ்ட் காட்டாது. சில வாரம் பிடிக்கும். அதனால் சமீபத்தில் ஏதாவது நடந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும்.

அவரிடம் எப்படிக் கேட்பது? "உங்களுக்கு இருக்கா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் எடுத்துக்கிட்டு வர்றேன், நீங்களும் வாங்க, சுகர், பி.பி.யும் பார்த்துக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். உங்கள் சம்மதம் போதும். முடிவை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம்.

ஒருவேளை பாசிட்டிவ் என்று வந்தாலும், ஒரே டெஸ்டில் முடிவு கட்டமாட்டார்கள். மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்து உறுதி செய்வார்கள். மாத்திரையைத் தாமதிக்காமல் தொடங்கலாம். பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒன்றுதான். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பிறருக்குப் பரவாது.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் இடத்தில் எதையும் விளக்க வேண்டாம். "நம்பிக்கை மையம் எங்கே" என்று கேட்டால் காட்டுவார்கள். டெஸ்டும் ஆலோசனையும் இலவசம். அதைக் கேட்கவே கூச்சம் என்றால் முதலில் 1097-க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.