பூத்தில் உட்காரும் அலுவலர்களை எதை வைத்து நம்புவது?

கேள்வி: சென்னையில் தேர்தல் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள்தானே? அவர்களை நம்பி எப்படி ஓட்டு போடுவது?

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சென்னையில் பல தேர்தல்களில் டியூட்டி பார்த்திருக்கிறேன். எங்கள் முகத்தைப் பார்த்து நம்புங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தரும் தாளைச் சரிபாருங்கள், அது போதும்.

எந்த பூத் என்பது கடைசி வரை எங்களுக்கே தெரியாது, கம்ப்யூட்டர் குலுக்கல்தான். ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. கட்சி ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு போட்டு, மெஷின் காட்டும் கணக்கையும், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சடித்துக் காட்டும் விவிபேட் இயந்திரத்தின் சீட்டுகளையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அழித்து, விவிபேட் பெட்டி காலி என்று திறந்து காட்டி, அந்தச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைப்போம். ஒருமுறை ஒரு ஏஜென்ட் தம்பி, "விடுங்க டீச்சர், சரியாத்தான் இருக்கும், டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். "சரியா இருக்குன்னு நான் சொல்லக்கூடாதுப்பா, நீதான் சொல்லணும்" என்று பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொரு சீட்டாக எண்ண வைத்தேன். வாக்காளர் பட்டியல் வைத்திருக்கும் அலுவலர் உங்கள் பெயரைச் சத்தமாக வாசிப்பதும் ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் டிக் அடிக்கத்தான். முணுமுணுத்தால் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நான் முதலில் சொன்ன அந்தத் தாள், படிவம் 17சி. மெஷின் எண், சீல் எண், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். பூத் முடியும்போது அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் நகல் தருவோம். எண்ணும் நாளில், ஓட்டுகள் பதிவாகியிருக்கும் கண்ட்ரோல் யூனிட் காட்டும் மொத்தம் இதோடு ஒத்துப்போகிறதா என்று அவர்களே பார்க்கலாம். இதை வாங்காமல் சாயங்காலமே கிளம்பிவிடுகிற ஏஜென்டுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

நாடாளுமன்றத் தேர்தல் நடந்த 2024 ஏப்ரல் 19 ஞாபகம் இருக்கிறதா? அன்று இரவு ஏழு மணிக்குத் தமிழ்நாட்டில் 72.09 சதவீத ஓட்டுப்பதிவு என்று அறிவித்தார்கள். நள்ளிரவில் 69.46 ஆனது, கடைசியில் 69.72. தென் சென்னையில் 67-க்கு மேல் சொன்னது 54-க்கு இறங்கியது. மீதி ஓட்டு எங்கே போனது என்று ஜனங்கள் கேட்டதில் என்ன தப்பு? முதலில் சொன்னது சில பூத்களிலிருந்து மொபைல் ஆப்பில் ஏறிய எண்ணிக்கையை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. 17சி-யில் இருப்பதுதான் கணக்கு. உத்தேசம் என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லியிருந்தால் பாதி சந்தேகம் கிளம்பியே இருக்காது.

அலுவலர்கள் தரப்பில் தப்பே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். 2021 ஏப்ரல் 6 இரவு வேளச்சேரியில் மாநகராட்சி ஊழியர்கள் வாக்குப்பதிவு இயந்திரங்களை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனார்கள். மறித்துப் பிடித்தது பொதுமக்கள். அதில் ஒரு விவிபேட் அன்று ஓட்டுப்பதிவில் பயன்படுத்தியது என்று பிறகு தெரிந்தது. ஏப்ரல் 17-இல் அந்த 92-ஆம் எண் பூத்தில் மறுவாக்குப்பதிவு நடந்தது. போலீஸ் காவலோடு போகவேண்டிய பொருள் அது. அன்று தெருவில் நின்றவர்கள் சும்மா விட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்குமா?

என்னைக் கேட்டால் சென்னையில் கவலைப்பட வேண்டியது மெஷினைப் பற்றி அல்ல, வாக்காளர் பட்டியலைப் பற்றி. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிற ஊர் இது. கையில் அட்டையோடு, கட்டின பட்டுப்புடவையோடு வந்து நிற்கும் பாட்டியிடம் "உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா" என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. அந்த நேரத்தில் எங்களால் எதுவும் செய்ய முடியாது. 2025 கடைசியில் தொடங்கிய, பட்டியலையே புதிதாகச் சரிபார்க்கும் தீவிரத் திருத்தத்துக்குப் (எஸ்.ஐ.ஆர்) பிறகு, அட்டை இருக்கிறது என்று யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. வாக்காளர் உதவி எண் 1950-க்கு போன் போட்டோ இணையத்திலோ உங்கள் பெயரைப் பாருங்கள், வீட்டில் பெரியவர்கள் பெயரையும் சேர்த்து. இல்லையென்றால் உடனே பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுங்கள். வேட்புமனு தாக்கல் நெருங்கிவிட்டால் அதற்கும் வழி அடைபட்டுவிடும்.