வெள்ளமும் கைபேசியும்: இளைஞர் கழகங்களின் கேள்விகள்

கேள்வி: பிலிப்பைன்ஸில் வெள்ளம் வந்தபோது இளைஞர்கள் சமூக ஊடகம் மூலமே பலரைக் காப்பாற்றினார்களாம். எங்கள் கழகத்தில் நாற்பது பேர் இருக்கிறோம். களனி கங்கை பெருகும்போது நாங்களும் செய்யலாமா?
– வாசகர், முகத்துவாரம்

பதில்: செய்யலாம். அவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பதை முதலில் பாருங்கள். 2009 செப்டெம்பர் 26இல் 'ஒண்டோய்' புயல் மணிலாவில் 24 மணித்தியாலத்தில் 455 மில்லிமீற்றர் மழையைக் கொட்டியது. கூரையில் ஏறி நின்றவர்களின் முகவரிகள் பேஸ்புக்கிலும் டுவிட்டரிலும் குவிய, தன்னார்வலர்கள் அவற்றை இணைய அட்டவணையிலும் கூகுள் வரைபடத்திலும் ஏற்றினார்கள். 2012 ஆகஸ்ட் பெருமழையில் 'ரெஸ்கியூ பி.எச்.' என்ற பொது ஹேஷ்டேக்கில் எல்லா அழைப்பும் ஒரே இடத்துக்கு வந்தன. சிக்கலும் அங்கேதான். கரைசேர்ந்துவிட்டவரின் பதிவையும் மற்றவர்கள் பகிர்ந்துகொண்டே இருந்தால், ஆளில்லாத வீட்டைத் தேடிப் படகு போகும்.

ஆகவே உங்களுக்குத் தேவை செயலி அல்ல, கணக்கை முடித்துவைக்கும் ஆள். ஒரு முறைக்கு ஐந்து பேர் போதும்: அழைப்பைப் பதிபவர் இருவர், திருப்பி அழைத்து உறுதிசெய்பவர் இருவர், அதிகாரிகளோடு பேசுபவர் ஒருவர். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறினால் பதினைந்து பேர். மிச்சம் இருபத்தைந்து பேரும் ஒழுங்கைகளில் நிற்கட்டும். அட்டவணையில் இவ்வளவும் இருக்க வேண்டும்: வரிசை எண், நேரம், முகவரி, அடையாளம், எத்தனை பேர், குழந்தை, முதியவர், நோயாளி உண்டா, தொலைபேசி, உறுதிசெய்தவர், நிலை. நிலைக்கு மூன்றே சொற்கள்: திறந்தது, ஒப்படைத்தது, முடிந்தது. 'முடிந்தது' என்று எழுதுவதற்கு முன் மீட்கப்பட்டவரோடு அல்லது அவருடைய வீட்டாரோடு பேசியே ஆகவேண்டும்; 'படகு போய்விட்டதாம்' என்ற சொல் போதாது. ஒப்படைப்பது 117க்கு (இடர் முகாமைத்துவ நிலையம்), நோயாளி என்றால் 1990க்கு. உங்கள் கிராம அலுவலரின் இலக்கத்தை மழைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

வட கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளில் ஒரே வீட்டிலக்கத்துக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கும். லொகேஷன் புள்ளியோ நெருக்கமான சுவர்களுக்கிடையே பல மீற்றர் தள்ளி விழும். எனவே 'பொதுக்குழாய்க்குப் பக்கத்து நீலக்கதவு' போன்ற அடையாளத்தைக் கட்டாயம் கேளுங்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் இடவிவரம் அழிந்துவிடும். இடம் வேண்டுமென்றால் 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்டத்தை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்க ஒருவரை நியமித்துவிடுங்கள். எண்ணைவிட அது ஏறும் வேகம்தான் முக்கியம்.

10,000 எம்.ஏ.எச். பவர் பாங்கை நம்பி இரண்டு நாள் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். மின்னழுத்தம் மாறும்போது ஏற்படும் இழப்பால், 5,000 எம்.ஏ.எச். கைபேசியை அது ஒன்றரைத் தடவைகூட நிரப்பாது.

கேள்வி: டேட்டா நின்றுபோனால் எல்லாம் போயிற்றா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: குறுஞ்செய்தி இருக்கிறது. 2001 ஜனவரி 16 இரவு, பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி எஸ்ட்ராடாவுக்கு எதிரான விசாரணையில் ஒரு சான்று உறையைத் திறக்க வேண்டாம் என்று செனட்டர்கள் வாக்களித்தார்கள். உடனே 'எட்சா வீதிக்கு வா, கறுப்பு உடுத்து வா' என்று கைபேசிக்குக் கைபேசி செய்தி பறந்தது. 20ஆம் திகதி அவர் மாளிகையை விட்டு வெளியேறினார். எல்லாம் டேட்டா இல்லாத கைபேசிகள்தான்.

அவர்கள் ரோமன் எழுத்தில் எழுதியதால் ஒரு செய்திக்கு 160 இடம் கிடைத்தது. தமிழில் 70தான். புள்ளிக்கும் விசிறிக்கும் தனித்தனி இடம் போகும்: 'தண்ணீர்' நமக்கு நான்கு எழுத்து, கைபேசிக்கு ஏழு. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகிக் கட்டணமும் கூடும், நெரிசலில் ஒரு துண்டு வராமலும் போகும். 'நீர் ஏறுகிறது. பாடசாலை மண்டபம் போகவும். மாலை 6.' என்பது 47 இடம். அனுப்பிய நேரத்தை உள்ளே எழுதுவது ஏனென்றால், நெரிசலில் செய்தி பல மணித்தியாலம் பிந்தி வரக்கூடும்.

2022 ஏப்ரல் 3இல் இங்கே சமூக ஊடகங்கள் அரை நாளுக்கு மேல் முடக்கப்பட்டன. அதனால் வாட்ஸ்அப் பட்டியலின் காகிதப் பிரதி ஒன்று, இலக்கங்களோடு, உறைக்குள் இருக்கட்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிப் பொறுப்பாளர்களையும் அதில் சேருங்கள். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டிய அறிவித்தலை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள்.

கேள்வி: பிலிப்பைன்ஸில் இளைஞர்களுக்குச் சட்டப்படி காசே கொடுக்கிறார்களாமே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஆம். பராங்காய் என்பது அங்குள்ள மிகச் சிறிய உள்ளூராட்சி அலகு. ஒவ்வொன்றிலும் 'சாங்குனியாங் கபாட்டான்' என்ற இளைஞர் சபை உண்டு; 15 முதல் 30 வயதுள்ளோர் வாக்களிக்க, 18 முதல் 24 வயதுள்ளோர் போட்டியிடுகிறார்கள். பராங்காயின் பொது நிதியில் 10 வீதம் சபைக்கு. உள்ளூர் அரசியல்வாதியின் பிள்ளையே சபைத் தலைவர் என்ற நிலை மலிந்ததால், 2016இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தச் சட்டம் (இல. 10742) பதவியிலுள்ளவரின் நெருங்கிய உறவினர் போட்டியிடுவதைத் தடுத்தது. புதிய விதிப்படி முதல் தேர்தல் 2018 மே மாதம் நடந்தது.

நமக்கு அந்தப் 10 வீதம் இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அது கைபேசி வரைபடத்தோடு சேர்ந்தால் நல்ல ஆயுதம். அடைபட்ட கான்களைப் படமெடுத்து, ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் குறித்து, தெருப் பெயரும் திகதியும் போட்டுப் பட்டியலிடுங்கள். பிறகு மாநகர சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள்: 'இந்த ஆறு கான்களும் கடைசியாக எப்போது சுத்தப்படுத்தப்பட்டன, எவ்வளவு செலவு, ஒப்பந்தக்காரர் யார்?' 'ஏன் சுத்தப்படுத்தவில்லை?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. சட்டம் கொடுப்பது பதிவிலுள்ள தகவலை, விளக்கத்தை அல்ல. காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு வரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. விண்ணப்பத்தை ஏற்றதற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். பலருடைய முயற்சி அங்கேதான் நின்றுபோகிறது.

கேள்வி: உலருணவுப் பொதி வழங்குவதை பேஸ்புக்கில் முன்கூட்டியே அறிவிக்கலாமா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: பொதியின் எண்ணிக்கை தெரியாமல் அறிவிக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் கேசோன் சிட்டியில் மகின்ஹாவா வீதியில் ஒரு சிறு தள்ளுவண்டியில், 'இயன்றதைக் கொடு, தேவையானதை எடு' என்று தொடங்கிய உணவு மேசை, பேஸ்புக் வழியாகச் சில நாட்களிலேயே நாடெங்கும் பரவியது. அதே மாதம் பிரபல நடிகை ஒருவர் தம் பிறந்தநாளுக்குத் திறந்த மேசைக்குக் கூட்டம் பெருகி, வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் மயங்கி இறந்தார். எனவே முதல்நாளே வீடுவீடாக இலக்கச்சீட்டுக் கொடுத்து, அரைமணிக்கு இருபது பேர் என்று நேரம் பிரியுங்கள். படத்தையும் செய்தியையும் கொடுத்து முடித்த பிறகு போடலாம். வாங்குபவரின் முகம் அதில் வரக்கூடாது.

கேள்வி: ஏ.எல். மாணவர்களைக் கொண்டு கான் பிரச்சினையைக் காணொளியாக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கொம்பனித்தெரு

பதில்: ஒலியைத்தான். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பார்கள், பேச்சு விளங்காவிட்டால் தள்ளிவிடுவார்கள். சட்டையில் குத்தும் வயர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். முச்சக்கர வண்டி ஓடும் தெருவைப் பார்த்து நிற்க வேண்டாம், சத்தம் நேராக மைக்குக்குள் வரும். பதிவின்போது விமானப் பயன்முறை. இல்லாவிட்டால் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். 1080 தரத்தில் ஒரு நிமிடம் 60 முதல் 130 எம்.பி. வரை போகும், ஆகவே எடுப்பதற்கு முன் 5 ஜி.பி.யாவது காலியாக்குங்கள். 90 வினாடிக்குள் முடியுங்கள். முதல் ஐந்து வினாடியில் கானும் தெருப் பெயர்ப் பலகையும் தெரியட்டும். சிங்கள வசனவரியையும் சேருங்கள், முடிவெடுக்கும் அலுவலர் தமிழ் வாசிக்கத் தெரியாதவராக இருக்கலாம். தமிழ் வசனவரியில் 'கொ', 'பே' போன்றவற்றின் கொம்பு இடம் மாறினால் எழுத்துருவை 'நோட்டோ சான்ஸ் தமிழ்' ஆக மாற்றிப் பாருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் முகம் தெரிந்தால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும், வாய்ச்சொல் போதாது.